விலக்கும் தாயும் விடைகொடுக்கும் தாயும்: திருநெடுந்தாண்டகத்தின் தாய் பாசுரங்களும் பூங்கோவலூரும்

திருமங்கையாழ்வாருடைய திருநெடுந்தாண்டகம் முப்பது பாசுரங்களைக் கொண்டது. முதற்பத்தில் ஆழ்வார் தாமான தன்மையில் பேசுகிறார். இரண்டாம் பத்து, மகளுடைய நிலையைக் கண்டு கலங்கும் திருத்தாயாரின் பேச்சு. மூன்றாம் பத்து, எம்பெருமானைப் பிரிந்த மகளின் பேச்சு. இந்த அமைப்பு அனைவரும் அறிந்ததே. ஆயினும் நடுவில் நிற்கும் திருத்தாயாரைப் பற்றி உபந்யாஸங்களிலும் எளிய உரைகளிலும் ஒரு கருத்து வழங்கி வருகிறது. அவள் உலக வழக்கின் குரலாம். மகளை அடங்கி இருக்கச் சொல்லி, குடிப்பழிக்கு அஞ்சி, பகவத் விஷயத்தில் ஈடுபட்டவளைத் தடுப்பவளாம். மகளின் பெருமையை எடுத்துக்காட்டுவதற்காக எதிரே நிறுத்தப்பட்டவளாம்.

இக்கருத்து முதற்பார்வைக்குப் பொருந்துவதுபோல் தோன்றும். பதினேழாம் பாசுரத்தில் அவள் மகளை நேரே விலக்குகிறாள்; பன்னிரண்டாம் பாசுரத்தில் தனக்குப் பழி வந்ததாகப் புலம்புகிறாள்; பதினெட்டிலும் பத்தொன்பதிலும் தன் சொல் கேளாத மகளைப் பற்றி முறையிடுகிறாள். ஆனால் பூர்வாசாரியர்கள் தாய் நிலைக்கு வகுத்த தத்துவத்தோடும், இப்பிரபந்தத்தையே உயிராகக் கொண்டிருந்த பராசர பட்டருடைய சரித்திரத்தோடும் சேர்த்துப் பார்த்தால் இக்கருத்து நிற்காது. மகளை இருத்த முயலும் தாயும், மகனுக்கு விடைகொடுத்து அனுப்பிய தாயும் ஒரே உறுதியின் இரண்டு வடிவங்கள் என்பதே ஸம்ப்ரதாயம் காட்டும் பொருள். அதைத் தெளிவதற்கு உரிய திவ்யதேசம் திருக்கோவலூர்.

பூங்கோவலூர் வழி

நடுநாட்டுத் திருப்பதிகள் இரண்டே: திருக்கோவலூர், திருவயிந்திரபுரம். பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தில் ஆழ்வார் திருவேங்கடம் தொடங்கி, திருவெவ்வுள், திருவல்லிக்கேணி, திருநீர்மலை, திருக்கடல்மல்லை, திருவிடவெந்தை, அட்டபுயகரம், பரமேச்சுர விண்ணகரம் ஆகியவற்றைப் பாடிப் பத்தாம் திருமொழியில் திருக்கோவலூரை அடைகிறார். மூன்றாம் பத்து திருவயிந்திரபுரத்தில் தொடங்கித் தில்லைத் திருச்சித்திரகூடத்துக்குச் செல்கிறது. தொண்டை நாட்டின் கடைசித் திருமொழி கச்சியில். அடுத்தது பெண்ணைக் கரையில். இவ்விரண்டுக்கும் இடையே விரியும் நிலம் இன்றைய திண்டிவனமும் விழுப்புரமும் உள்ள பகுதி. காஞ்சியில் சேவித்துத் திண்டிவனம் வந்து, விழுப்புரம் கடந்து கோவலூருக்குச் செல்லும் யாத்ரிகர் ஆழ்வாருடைய திருமொழி வரிசையையே பின்பற்றுகிறார். தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த திருக்கோவலூர், 2019இல் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இப்போது உள்ளது. ஆட்சிப் பிரிவு மாறினாலும், விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப்பாதையில் வந்து இறங்கி உலகளந்த பெருமாளைச் சேவிப்போரின் வழி மாறவில்லை.

இந்த வழியில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோவலூருக்கு மூன்று திருமொழிகளுக்கு முன்னே, திருவிடவெந்தைத் திருமொழி தாய் பாசுரமாகவே அமைந்துள்ளது. நாள்தோறும் திருக்கல்யாணம் கண்டருளும் அந்த எம்பெருமானிடம், தன் மகள் விஷயத்தில் அவன் திருவுள்ளம் என்ன என்று தாய் மீண்டும் மீண்டும் கேட்கிறாள். அங்கே அவள் மகளைக் கடிந்துகொள்ளவில்லை. மகளை ஒரு நிலையில் அமர்த்த வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதை அறிந்து, அந்தப் பொறுப்புடையவனையே கேட்கிறாள். திருமங்கையாழ்வாருடைய திருத்தாயார் எப்படிப்பட்டவள் என்பதற்கு இது முதற்சான்று. கேள்வியை எம்பெருமானிடம் வைக்கத் தெரிந்தவள் வெறும் உலக வழக்கின் குரலாக இருக்க முடியாது.

திருநெடுந்தாண்டகத்தில் கோவலூர் முதலில் வருவது ஆறாம், ஏழாம் பாசுரங்களில். இரண்டும் ஆழ்வார் தம் நெஞ்சை விளித்து, பூங்கோவலூரைத் தொழுவதற்குப் புறப்படு என்று ஏவுவதாக முடிகின்றன. ஆறாம் பாசுரத்தில் பெண்ணையாறு பெருகி, நெடிய மூங்கில்களை ஈர்த்துக்கொண்டு, அவற்றில் பிறந்த முத்துகளைத் தள்ளி, வயல்களில் பரந்து பொன் விளைக்கிறது. அப்பாசுரத்தின் தொடக்கத்தில் எம்பெருமான் அழகிய சிறகுகளையுடைய பெரிய திருவடியை ஒருவனாய் நடத்துபவனாக வருணிக்கப்படுகிறான். ஏழாம் பாசுரத்தில் கோவலூர், விந்தமலையில் உறையும் கன்னியான துர்க்கை காவல் பூண்ட ஊராகவும், மலையரையன் பணியும் ஊராகவும் சொல்லப்படுகிறது. இன்றும் அத்திருக்கோயிலில் துர்க்கைக்குச் சந்நிதி இருப்பதை யாவரும் அறிவர். மலையமான்களின் தலைநகரான கோவலூரைப் பாடும் ஆழ்வார், அரசனைப் பணிபவனாகவும் கன்னியைக் காவலாகவும் அமைத்தது நோக்கத்தக்கது. காவல் என்னும் கருத்து இங்கேயே விதைக்கப்படுகிறது. அடுத்த பத்தில் அது பெரிய கேள்வியாக எழும்.

தாயின் விலக்கு

இரண்டாம் பத்தின் முதற்பாசுரமான பதினொன்றில் தாய் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்டதைச் சொல்கிறாள். மகள் பாவையைப் பேணுவதில்லை, உறங்குவதில்லை, திருவரங்கம் எங்கே என்று கேட்கிறாள். கட்டுவிச்சி தந்த விடை, இது கடல்வண்ணர் செய்த செயல் என்பது. அதன்பின் காக்க வல்லார் யார் என்னும் கேள்வியோடு பாசுரம் முடிகிறது. நோய் செய்தவன் காப்பவனே ஆனபின், வேறு காவலுக்கு இடமில்லை. தாயின் காவல் இங்கே தோற்கிறது என்று மட்டும் சொல்வது போதாது. தன் காவலுக்கு மேலான காவலன் ஒருவன் இருக்கிறான் என்பதைத் தாய் முதற்பாசுரத்திலேயே அறிந்துவிட்டாள். பின்வரும் ஒன்பது பாசுரங்களையும் அவள் இந்த அறிவோடுதான் பேசுகிறாள்.

பதினேழாம் பாசுரம் இக்கட்டுரையின் நடுநாயகம். மகள் வெளியே வந்து நிற்கிறாள். சிவந்த கால்களையுடைய புறா தன் பேடையோடு மெல்லப் பேசும் சிறு குரல் கேட்கிறது. அந்த ஒலிக்கே அவள் உடல் உருகுகிறாள். பிறகு திருத்தண்கால், திருக்குடந்தை, திருக்கோவலூர் ஆகியவற்றைப் பாடி ஆடுகிறாள். அதைக் கேட்ட தாய், நம் குடிக்கு இது நன்மையோ என்று கேட்கிறாள். மகள் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. திருநறையூரையும் சேர்த்துப் பாடுகிறாள்.

இங்கே தாயின் சொல் வந்த இடம் முக்கியமானது. தண்காலும் குடந்தையும் பாடியபோது தாய் பேசவில்லை. கோவலூரைப் பாடி ஆடிய ஒலி செவிப்பட்ட பின்னரே அவள் விலக்குகிறாள். இதனை யாப்பின் வசதி என்று தள்ளிவிடலாம். ஆனால் அப்படித் தள்ளுவோர், ஆறாம் ஏழாம் பாசுரங்களில் ஆழ்வார் தம் நெஞ்சைப் புறப்படச் சொன்ன ஊர் இதே கோவலூர் என்பதை விளக்க வேண்டும். முதற்பத்தில் ஆழ்வார் நெஞ்சுக்கு இட்ட ஏவலை இரண்டாம் பத்தில் மகள் ஆட்டமும் பாட்டுமாக நிறைவேற்றுகிறாள். அந்தக் கணத்தில்தான் தாய் இடைமறிக்கிறாள். ஒரே ஆழ்வாருடைய திருவாக்கில், போ என்னும் சொல்லும் இரு என்னும் சொல்லும் ஒரே ஊரைக் குறித்து எழுகின்றன. இம்முரணை எப்படித் தீர்ப்பது என்பதே தாய் பாசுரங்களை விளக்குவோர் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி. தாயை அறியாதவளாக்கிவிட்டால் முரண் எளிதில் மறைந்துவிடும். ஆனால் தாயாகப் பேசுபவரும் ஆழ்வாரே. தம்முள் எழுந்த ஒரு நிலையை அறியாமை என்று காட்டுவதற்காகப் பத்துப் பாசுரங்களை ஆழ்வார் செலவிடுவாரா?

துணிவு என்னும் தாய்

அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் இதற்கு விடை வகுத்துள்ளார். தோழி, தாய், மகள் என்பன ஆழ்வாருடைய ஞானத்தின் மூன்று நிலைகளுக்கு இட்ட பெயர்கள். எம்பெருமானோடுள்ள ஸம்பந்தத்தை உணர்த்தும் நிலை தோழி. அவனே உபாயம் என்னும் துணிவு தாய். பலத்தை இப்போதே பெற வேண்டும் என்னும் பதற்றம் மகள். இதற்கு வ்யாக்யானம் அருளிய மணவாள மாமுனிகள் இம்மூன்றையும் திருமந்த்ரத்தின் மூன்று பதங்களோடு இணைத்துக் காட்டுகிறார். ப்ரணவம் தோழிக்கும், நமஸ்ஸு தாய்க்கும், நாராயணாய என்னும் பதம் மகளுக்கும் உரியன.

இந்த வகுப்பின்படி தாய் விலக்குவது எதை? மகள் எம்பெருமானை விரும்புவதை அவள் விலக்கவில்லை. தன் முயற்சியால் அவனிடம் செல்ல வேண்டும் என்னும் பதற்றத்தையே விலக்குகிறாள். அவனே உபாயம் என்று துணிந்த குடியில் பிறந்தவள், அவன் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்கு மாறாக அவள் தானே புறப்பட்டால், காக்கும் பொறுப்பு அவனுடையது என்னும் உறுதிக்குக் குறை வரும். பதினேழாம் பாசுரத்தில் தாய் குடியைச் சொன்னது இந்தப் பொருளில். ஊரார் வாய்க்கு அஞ்சிச் சொன்னதாகக் கொண்டால் பாசுரம் ஒரு குடும்பக் கதையாகிவிடும். ப்ரபந்ந குலத்தின் மரபைச் சொன்னதாகக் கொண்டால், நமஸ்ஸின் பொருளே அங்கே தாயின் வாயில் பேசுகிறது.

திருவாய்மொழியிலும் இதற்குத் துணை உண்டு. நம்மாழ்வாருடைய தாய் பதிகங்கள் ஏழு. அவற்றுள் ஆறாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழி திருக்கோளூரைப் பற்றியது. அங்கே மகள் வீட்டைவிட்டுப் போயே விட்டாள். படுக்கையில் அவளைக் காணாத தாய் ஊர் ஊராகத் தேடவில்லை. மகள் புகுமிடம் திருக்கோளூரே என்று திண்ணமாகச் சொல்கிறாள். கலக்கத்தின் நடுவிலும் தாயின் வாயில் திண்ணம் என்னும் சொல் வருவதே நாயனார் சொன்ன துணிவுக்கு நேர்ச்சான்று. போன மகளைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசத் தெரிந்தவள், அவளை இருக்கச் சொன்னதும் அதே உறுதியினால்தான்.

கோவலூர் இதற்கு இன்னும் வலுவான சான்றைத் தருகிறது. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் ஆகிய மூவரும் மழையிருளில் கூடிய இடைகழி அங்கேதான் உள்ளது. ஒருவர் கிடக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவும் இடம் போதுமான அந்தச் சிற்றிடத்தில் நான்காமவனாக எம்பெருமான் தானே வந்து நெருக்கினான். அந்த நெருக்கத்தில்தான் முதல் மூன்று திருவந்தாதிகள் பிறந்தன. வேதாந்த தேசிகரும் அந்த இடைகழியை இட்டே தேஹளீச ஸ்துதியை அருளிச்செய்தார். ஆழ்வார்கள் அவனைத் தேடிக் கருவறைக்குள் செல்லவில்லை. அவர்கள் ஒதுங்கி நின்ற வாசலுக்கு அவன் வந்தான். மகள் கோவலூரைப் பாடும்போது தாய் இருக்கச் சொல்வது இதனால் பொருத்தமாகிறது. அவன் தானே வரும் ஊரை நீ பாடுகிறாய்; அப்படிப்பட்டவன் வரும்வரை நீ ஏன் இருக்கக் கூடாது என்பது அந்த விலக்கின் உட்பொருளாகக் கொள்ளத்தக்கது. மகளோ, இடைகழிக்கு வந்து நெருக்கியவனின் வடிவழகை நினைத்தபின் இருப்பது எப்படி என்று துடிக்கிறாள். இருவருக்கும் ஆதாரம் ஒரே ஊர். ஒருத்திக்கு அவன் வந்த செய்தி, மற்றவளுக்கு அவன் வந்த அழகு.

இரண்டு சிறகுகள்

தத்துவத்தை இவ்வளவில் நிறுத்திக்கொண்டு தாயை வெறும் துணிவாக்கிவிடுவதும் பாசுரங்களுக்கு நியாயமாகாது. பன்னிரண்டாம் பாசுரத்துத் தாய் அழுகிறாள். மகள் நெஞ்சுருகி, கண்ணீர் மல்கி, உணவும் உறக்கமும் இழந்து, திருவரங்கத்தில் நீராடுவோமா என்று தோழியைக் கேட்கிறாள். தன் சிறகின்கீழ் அடங்காத பெண்ணைப் பெற்றதையும், அதனால் உலகில் பழி ஏற்றதையும் தாய் சொல்லிக் கதறுகிறாள். இது துணிவின் குரலாகத் தோன்றவில்லை. வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கண்ணீரை மறைக்கும் உரை, தத்துவத்தைக் காத்துப் பாசுரத்தை இழக்கிறது.

ஆனால் அப்பாசுரத்திலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. தாய் தன் சிறகைப் பற்றிப் பேசுவதற்குச் சற்று முன்னே, மகள் அழகிய சிறகுகளையுடைய புள்ளைக் கொடியாக உடையவனைச் சொல்லி ஆடிப் பாடுகிறாள். ஒரே பாசுரத்தில் இரண்டு சிறகுகள் வருகின்றன: கருடனின் சிறகு, தாயின் சிறகு. குஞ்சைத் தாய்ப்பறவை சிறகால் மூடுவதுபோல் காத்தவள், மகள் வேறொரு சிறகை நோக்கிப் பாடுவதைக் கேட்கிறாள். தன் சிறகு சிறியது என்பதை உணர்ந்ததனால் வந்த கண்ணீர் இது. பதினொன்றில் கட்டுவிச்சி கூறிய காவல் பற்றிய உண்மையை அறிவால் ஏற்றவள், பன்னிரண்டில் அதை நெஞ்சால் ஏற்க முடியாமல் தவிக்கிறாள். அறிந்தது உள்ளத்தில் இறங்குவதற்கு ஒரு பத்து முழுவதும் வேண்டியிருக்கிறது.

அது இறங்கிய அடையாளம் பத்தின் முடிவில் காணக்கிடைக்கிறது. பதினெட்டில், திருநீர்மலைக்கே போவேன் என்று மகள் சொல்வதைத் தாய் கூறுகிறாள். பத்தொன்பதில், பெற்றவளின் சொல்லைச் சிறிதும் கேளாமல் பொற்றாமரைக் கயத்தில் நீராடப் போய்விட்டாள் என்று கூறி, உங்கள் வீட்டுப் பெண்ணும் இப்படித்தானோ என்று பிற தாய்மாரைக் கேட்கிறாள். அந்தக் கேள்வியில் முறையீடும் உண்டு. தன் மகளுக்கு ஒப்பில்லை என்னும் பெருமிதமும் உண்டு. இருபதாம் பாசுரத்தில் பெருமிதமே எஞ்சுகிறது. உலகை இடந்து, உண்டு, உமிழ்ந்து, அளந்து, ஆண்டவனின் திருநாமத்தை ஓதும் இவளை, இம்மண்ணில் பெருந்தவம் உடையவள் என்று சொல்வதல்லாமல் வேறு பேசலாகுமோ என்று முடிக்கிறாள். பன்னிரண்டில் பழி என்றவள் இருபதில் தவம் என்கிறாள். தாயைத் தடையாக மட்டும் காண்போர் பதினேழோடு நின்றுவிடுகிறார்கள். துணிவாக மட்டும் காண்போர் பன்னிரண்டைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். பன்னிரண்டு, பதினேழு, இருபது ஆகிய மூன்றையும் சேர்த்து அநுஸந்திப்பவருக்கே திருத்தாயார் முழுமையாக விளங்குவாள்.

ஆயினும் ஒன்று மீதமிருக்கிறது. இருபதாம் பாசுரத்திலும் தாய் மகளைப் போய் வா என்று வாயால் சொல்லவில்லை. மூன்றாம் பத்திலும் மகள் தலைவனைச் சென்று சேர்ந்ததாக இல்லை. வண்டைத் தூதுவிடுகிறாள், நாரையைத் திருக்கண்ணபுரத்துக்கு அனுப்புகிறாள். விடைகொடுத்தல் என்னும் செயல் பிரபந்தத்துக்குள் நிகழவில்லை. அது நிகழ்ந்தது திருவரங்கத்தில், பட்டருடைய திருமாளிகையில்.

ஆண்டாள் கொடுத்த விடை

பராசர பட்டருக்கும் திருநெடுந்தாண்டகத்துக்கும் உள்ள உறவு குருபரம்பரையில் விரிவாகப் பேசப்படுகிறது. மேல்நாட்டில் வேதாந்தியாக விளங்கிய மாதவாசாரியரை வாதில் வென்று அவர் திருத்தியது திருநெடுந்தாண்டகத்தின் அர்த்தங்களைக் கொண்டே. பின்னர் அந்த வேதாந்தி தம் செல்வத்தை மூன்றாகப் பிரித்து, இரண்டு பங்குகளை இரு தேவிமாருக்குக் கொடுத்து, மூன்றாம் பங்கை ஆசார்யனுக்காக எடுத்துக்கொண்டு, துறவு பூண்டு திருவரங்கம் வந்தார். பட்டர் அவரை நஞ்சீயர் என்று அழைத்தார். திருவரங்கத்து அத்யயனோத்ஸவம் திருநெடுந்தாண்டகத்தோடு தொடங்குவதும், பட்டருடைய இந்த வெற்றியோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது.

கைசிக துவாதசியன்று நம்பெருமாள் திருமுன்பே பட்டர் கைசிக புராணம் வாசித்தார். திருவுள்ளம் உகந்த நம்பெருமாள் அவருக்கு மேல்வீடு தந்தருளினார். பட்டர் திருமாளிகைக்கு வந்து, தம் திருத்தாயாரும் கூரத்தாழ்வானின் தேவிகளுமான ஆண்டாளிடம் அதை விண்ணப்பித்தார். ஆழ்வானை முன்பே பிரிந்திருந்தவர் ஆண்டாள். இப்போது மகனும் தமக்கு முன்னே செல்லப்போகிறார். ஆண்டாள் மகிழ்ந்து விடைகொடுத்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. பட்டர் நஞ்சீயரிடம் தர்சன நிர்வாஹத்தை ஒப்படைத்தார். பிறகு ஸ்ரீவைஷ்ணவர்களுக்குத் திருநெடுந்தாண்டகத்தின் அர்த்தம் அருளிச்செய்யும்போது, ஆறாம் பாசுரத்தில், அழகிய சிறகுகளையுடைய புள்ளை ஒருவனாய் நடத்துபவன் என்னும் பொருளுடைய தொடரைத் திரும்பத் திரும்ப அநுஸந்தித்துத் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவருடைய திருமுடியைத் தாய் தம் மடியில் தாங்கியிருந்தார்.

அந்தத் தொடர் எந்தப் பாசுரத்தில் உள்ளது என்பதை மீண்டும் நினைக்க வேண்டும். பெண்ணை பெருகும் பூங்கோவலூரைத் தொழ, நெஞ்சைப் புறப்படச் சொல்லும் பாசுரம் அது. பன்னிரண்டாம் பாசுரத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு சிறகுகள் இங்கே ஒருவரை ஒருவர் சந்திக்கின்றன. மகனின் திருமுடி தாயின் மடியில். வாயிலோ கருடனின் சிறகு. பாசுரத்துத் தாய் தன் சிறகின்கீழ் அடங்காதவளைப் பெற்றதாகக் கதறினாள். ஆண்டாள் தம் மடியிலிருந்த மகனைப் பெரிய சிறகின்கீழ் ஒப்படைத்தார். முன்னவள் தொடங்கிய ஒன்றைப் பின்னவர் முடித்தார் என்று கொள்வதில் பிழையில்லை.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழலாம். தாய் நிலையின் துணிவு மகளை இருக்கச் சொல்வதாயின், ஆண்டாள் மகனைப் போகச் சொன்னது அத்துணிவுக்கு மாறாகாதோ? ஆகாது. பாசுரத்து மகள் தன் பதற்றத்தால் போகத் துடித்தாள்; பட்டருக்கு மேல்வீடு நம்பெருமாளே தந்தது. அவன் தரும்வரை இருக்கச் சொல்வதும், அவன் தந்தபின் தடையின்றி விடைகொடுப்பதும் உபாயம் அவனே என்னும் ஒரே துணிவிலிருந்து பிறக்கின்றன. அவன் தந்தபின்னும் தாய் பிடித்து வைத்திருந்தால் அதுதான் துணிவுக்குக் குறைவாகும். ஆகவே இருத்தலும் அனுப்புதலும் தாய்மையின் இரு வேறு கொள்கைகள் என்று கொள்ள வேண்டியதில்லை; காலம் வேறுபட்டபோது ஒரே கொள்கை வேறு சொல்லாக வெளிப்பட்டது.

மற்றோர் ஆக்ஷேபம் இதனினும் கனமானது. மகன் முன்னே செல்லத் தாய் மகிழ்வது மனித இயல்போ? குருபரம்பரை, ஆசார்யர்களைக் கல்லாகக் காட்டுவதில்லை. கூரத்தாழ்வான் நம்பெருமாளிடம் மேல்வீடு பெற்றபோது, எம்பெருமானார் தமக்கு முன்னே செல்வது ஏன் என்று கேட்டுக் கலங்கினார். திருநாட்டில் எம்பெருமானாரை எதிர்கொள்ளும் முறை தமக்கே உரியது என்று ஆழ்வான் விண்ணப்பித்தார். அறிவில் தலைநின்ற எம்பெருமானாருக்கே அந்தப் பிரிவு எளிதாக இருக்கவில்லை என்பதை ஸம்ப்ரதாயம் மறைக்கவில்லை. ஆகவே ஆண்டாளின் மகிழ்ச்சியை வலியின்மை என்று கொள்ளலாகாது. பாசுரத்துத் தாய் பன்னிரண்டிலிருந்து இருபதுவரை நடந்த தொலைவை ஆண்டாள் தம் வாழ்வில் முன்பே நடந்து முடித்திருந்தார் என்று கொள்வதே தகும். பெரிய பெருமாளின் ப்ரஸாதத்தால் பிறந்து, பெருமாளுக்கே பிள்ளையாக வளர்ந்தவர் பட்டர் என்பது ஐதிஹ்யம். பெற்ற நாளிலேயே தம்முடையவன் அல்லன் என்று அறிந்து வளர்த்த தாய்க்கு, விடைகொடுத்தல் புதிதாகக் கற்க வேண்டிய பாடமாக இருக்கவில்லை.

குடியின் நன்மை

நம் குடிக்கு இது நன்மையோ என்னும் பதினேழாம் பாசுரத்தின் கேள்விக்கு மகள் திருநறையூர் பாடியதோடு நின்றாள். அதற்குப் பட்டருடைய சரித்திரத்தில் ஒரு விடை இருக்கிறது. பட்டர் செல்லும்முன் தர்சனத்தை நஞ்சீயரிடம் ஒப்படைத்தார். நஞ்சீயரும் முன்பு இல்லறம் துறந்தபோது தேவிமாருக்கு உரியதைக் கொடுத்துவிட்டே புறப்பட்டார். ஸம்ப்ரதாயத்தில் செல்வோர் எவரும் பின்னிற்போரைக் கைவிட்டுச் செல்லவில்லை. இருப்போருக்கு உரியதை நிலைநிறுத்தி, அதன்பின்னே சென்றார்கள். நஞ்சீயருக்குப்பின் நம்பிள்ளை, நம்பிள்ளையின் திருவடிகளில் பெரியவாச்சான்பிள்ளை. திருநெடுந்தாண்டகத்துக்கு இன்று நாம் கற்கும் வ்யாக்யானம் பெரியவாச்சான்பிள்ளையுடையது. ஒரு தாய் தடையின்றி விடைகொடுத்ததனால் குடிக்கு நஷ்டமில்லை. தாய் கேட்ட குடி நன்மை அந்த ஆசார்ய பரம்பரையாகத் தழைத்தது.

எனவே தாய் பாசுரங்களைச் சொல்வோர் திருத்தாயாரை மகளுக்கு எதிர்நிலையில் நிறுத்துவது பொருந்தாது. அப்படி நிறுத்தினால் நமஸ்ஸின் பொருள் பாசுரத்திலிருந்து விலகிவிடும்; ஆழ்வார் தமக்குள்ளே கண்ட இரு நிலைகளில் ஒன்று பொய்யாகிவிடும்; பட்டருடைய திருமுடியைத் தாங்கிய மடியும் விளங்காமல் போகும். பெண்களை அயலூருக்கு அனுப்பியும், பிள்ளைகளை முன்னே இழந்தும் திருநெடுந்தாண்டகம் ஸேவிக்கும் தாய்மார் கோஷ்டியில் எப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் செவியில் பதினேழாம் பாசுரம் தாயைப் பழிக்கும் பாசுரமாக விழுவது ஸம்ப்ரதாயத்துக்கு உகந்ததன்று. அதை இருபதாம் பாசுரத்தோடும், கோவலூர் இடைகழியோடும், பட்டர் இறுதியில் அநுஸந்தித்த ஆறாம் பாசுரத்தோடும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்போது திருத்தாயார் மகளை இருக்கச் சொன்ன சொல்லுக்கும் ஆண்டாள் மகனை வாழ்த்தி அனுப்பிய சொல்லுக்கும் ஒரே பொருள் இருப்பது விளங்கும்.